முந்நூறு பன்றிகளின் பிரதிநிதி

கரையில் விரிசலைப் பார்த்த அன்றைக்கு முந்நூறு செய்திருக்க வேண்டியது ஒரே ஒரு காரியம்தான். சரிவில் இருநூறு அடி இறங்கி, தங்கை வீட்டுக் கதவைத் தட்டி, “கிணத்துத் தண்ணியக் குடிக்காதே” என்று சொல்லியிருக்க வேண்டும். மூன்று வார்த்தை. அந்த மூன்று வார்த்தையைச் சொல்ல அவருக்கு நாற்பத்தொரு நாள் பிடித்தது. அதற்காக அவர் சும்மா உட்கார்ந்திருந்தார் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அந்த நாற்பத்தொரு நாளில் அவர் ஒரு குழுவில் உறுப்பினரானார், பிறகு அதற்கே தலைவரானார், தூய நீரின் அருமையைப் பற்றி மூன்று தடவை மைக்கில் பேசினார்.

முந்நூறு என்பது அவருடைய பெயர் இல்லை. அவரிடம் இருந்த பன்றிகளின் எண்ணிக்கை. பன்றி வளர்ப்போர் பேரவையில் மனிதர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் கிடையாது. ஒரு பன்றிக்கு ஓர் ஓட்டு என்பது அங்கே அடிப்படை விதி. பன்றிகளால் நேரில் வந்து கை தூக்க முடியாத ஒரே காரணத்தால்தான் அவற்றின் சார்பில் மனிதர்கள் வந்து போனார்கள். எனவே “வாங்க எண்ணூறு”, “என்ன ரெண்டாயிரம், ஆளையே காணோம்” என்றுதான் பேச்சு. பேரவைத் தலைவருக்குப் பன்னிரண்டாயிரம். அவர் கை தூக்கினால் அப்புறம் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

விரிசல் சுண்டுவிரல் அகலம்கூட இருக்காது. பன்றிக் கொட்டகையைக் கழுவிவிடுகிற சாணியும் மூத்திரமும் வந்து சேருகிற கழிவுக் குட்டையின் தெற்குக் கரையில், புல்லுக்கு நடுவே, கறுப்பாக ஈரம் கசிந்துகொண்டிருந்தது. மழைக்கு முன்னால் அந்த இடத்தில் ஓர் எலிப்பொந்து இருந்தது. நாளைக்கு அடைக்கலாம் என்று அவர் நினைத்தது நன்றாக நினைவிருந்தது. மழை முழுக்கவும் நாளைக்கு என்றே நினைத்திருந்தார். தெற்கே சரிவு. சரிவில் ஐந்து வீடுகள், ஐந்து கிணறுகள். முதல் வீடு தங்கையுடையது.

மனைவி, மகளின் பிரசவத்துக்காக வெளியூர் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. அவள் இருந்திருந்தால் இந்தக் கதை அன்று சாயங்காலமே முடிந்திருக்கும். அவள் இல்லாததால் அவர் விதிப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தார். கரையில் எந்த வேலை செய்வதானாலும் பேரவையின் அனுமதி வேண்டும். மீறினால் முத்திரை பறிக்கப்படும். பேரவை முத்திரை இல்லாத பன்றியை இறைச்சிக்கூடம் வாசலுக்குள் விடாது. அவர் ஒரு பழைய தார்ப்பாயைக் கொண்டுவந்து விரிசலின் மேல் போட்டு, நான்கு மூலையிலும் கல் வைத்தார். கசிவு நிற்கவில்லை. கசிவைப் பார்ப்பது நின்றது.

மறுநாள் காலையில் பேரவை அலுவலகத்துக்குப் போனார். செயலாளர் அம்மாள் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி அவரைப் பார்த்தாள்.

“சொல்லுங்க முந்நூறு.”

“குட்டைக் கரையில ஒரு விரிசல் மாதிரி...”

“மாதிரியா, விரிசலா?”

“விரிசல்தான். கீழ் வீட்டுக் கிணத்துக்குப் போகுதோன்னு பயமா இருக்கு. யாருகிட்ட சொல்லணும்?”

அவள் அலமாரியைத் திறந்து படிவங்களை வரிசையாக மேசை மேல் பரப்பினாள். விருதுக்கு விண்ணப்பம், முத்திரைக்கு விண்ணப்பம், வெளியாட்கள் மீது புகார், பத்திரிகைகள் மீது புகார், நாற்றத்தைப் பற்றிப் புகார் சொல்கிறவர்கள் மீது புகார்.

“உறுப்பினர் தன் மேலயே புகார் சொல்றதுக்குப் படிவம் இல்லைங்க. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை” என்றாள். பிறகு அவர் முகம் போன போக்கைப் பார்த்து இளகி, பச்சை நிறத்தில் ஒன்றை உருவினாள். “தண்ணி சம்பந்தமா இருக்கிறது இது ஒண்ணுதான். எழுதிக் கொடுங்க. உரிய இடத்துக்குப் போய்ச் சேரும்.”

பச்சைப் படிவத்தின் தலைப்பு ‘நீர்த் தரத் துணைக்குழுவில் தொண்டாற்ற விருப்பம்’ என்பது. ‘காரணம்’ என்ற இடத்தில் அவர் “மனசு உறுத்துகிறது” என்று எழுதினார். அதைவிடப் பொருத்தமான காரணத்தைத் துணைக்குழு பதினோரு வருடத்தில் பார்த்ததில்லை. ஒரே வாரத்தில் நியமனக் கடிதம் வந்தது.

துணைக்குழு குளிரூட்டிய அறையில் கூடியது. ஒவ்வொருவர் முன்னாலும் மூடி திறக்காத ஒரு தண்ணீர் பாட்டில். கூட்டம் ஒரு சடங்கோடு தொடங்கியது. பண்ணை நீர் விதிகளை எழுதும் வேலையை அரசாங்கம் பேரவையிடம் ஒப்படைத்தபோது, பன்றிக்காரர்களே பன்றிக்காரர்களுக்கு விதி எழுதலாமா என்று எவரோ கேட்டுவிட்டாராம். அதற்குப் பதிலாகப் பேரவை கண்டுபிடித்த வழி இது: உறுப்பினர்கள் எல்லாரும் எழுந்து நின்று, வலது கையை நெஞ்சில் வைத்து, “இந்த விஷயத்தில் எனக்குச் சொந்த நலன் உண்டு” என்று ஒரே குரலில் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு உட்கார வேண்டும். உட்கார்ந்ததும் பேரவைத் தலைவர், “எல்லாருக்கும் இருப்பதால் தனிப்பட்ட முறையில் யாருக்கும் இல்லை என்று பதிவு செய்யப்படுகிறது” என்பார்.

முந்நூறும் கையை நெஞ்சில் வைத்தார். கைக்கு அடியில் படபடவென்று அடித்துக்கொண்டது.

“நம்ம துறைக்குத் தண்ணி உயிர்” என்று தலைவர் பன்னிரண்டாயிரம் ஆரம்பித்தார். கனமான உடம்பு, அதைவிடக் கனமான குரல். “தண்ணியைக் காப்பாத்தறதுல நம்மை மிஞ்ச ஆள் கிடையாது. பதினோரு வருஷமா மாதிரி எடுக்கறோம். ஒரு பாட்டில்கூட மோசம்னு வந்ததில்லை. ஏன்? மாதிரியை எங்கே எடுக்கணும்ங்கிறதை நாமே முடிவு பண்றோம். பண்ணைக்கு மேற்புறம், தண்ணி உள்ளே வர்ற இடத்துல எடுக்கறோம். நமக்கு வர்ற தண்ணிக்குத்தானே நாம பொறுப்பு? நம்மைத் தாண்டிப் போற தண்ணிக்கு அது போய்ச் சேர்ற இடம்தான் பொறுப்பு. இதுல என்ன தப்பு இருக்கு? கேக்கறேன், சொல்லுங்க.”

மூலையில் உட்கார்ந்திருந்த அரசு நீர்த்துறை அதிகாரி எல்லாவற்றையும் குறித்துக்கொண்டிருந்தார். விதிகளை எழுதும் சுமையைப் பேரவை ஏற்றுக்கொண்டதிலிருந்து அவர் உடம்பு தேறியிருந்தது. “கூட்டு ஆளுகை” என்று அவ்வப்போது தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அடுத்த பொருள், கசிவு என்றால் என்ன என்ற வரையறை. நான்கு வருடமாக விவாதத்தில் இருந்தது. தானாக நகர்கிற கழிவு கசிவா, தள்ளிவிட்டதால் நகர்கிற கழிவு கசிவா என்பதில் கருத்து வேறுபாடு. ரெண்டாயிரம் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்: “வெளியேறும் நோக்கத்துடன் வெளியேறுவதே கசிவு.” கழிவுக்கு நோக்கம் உண்டா என்று ஆராய ஒரு சிறு குழு அமைக்கலாம் என்றார் எண்ணூறு.

முந்நூறு எழுந்தார்.

“ஐயா, எங்க பண்ணையிலேயே இப்ப ஒரு...”

“உட்காருங்க” என்றார் தலைவர் அன்பாக. “வரையறை வராம அதை என்னன்னு சொல்லுவீங்க? கசிவுன்னு சொன்னா, நம்ம குழு முடிவு பண்றதுக்கு முன்னாடியே நீங்க முடிவு பண்ணின மாதிரி ஆயிடும். வேற வார்த்தை இருக்கா?”

முந்நூறு யோசித்தார். “வழியுதுங்க.”

“அது மழை வார்த்தை. மழை நம்ம அதிகாரத்துல இல்லை.”

“அப்ப கரையை அடைச்சிடறேன். அனுமதி மட்டும் கொடுத்துடுங்க.”

செயலாளர் அம்மாள்தான் பக்குவமாக விளக்கினாள்: கரைவேலைக்கு அனுமதி தருகிறவர் நீர்த் தரத் துணைக்குழுத் தலைவர். அந்தப் பதவி காலி. இவ்வளவு அக்கறையுள்ள ஓர் உறுப்பினர் அமைந்திருக்கும்போது அது காலியாக இருப்பது சரியில்லை. தலைவர் கையைத் தூக்கினார்; பன்னிரண்டாயிரம் பன்றிகள் ஆதரித்தன. முந்நூறு துணைக்குழுத் தலைவரானார். ஆனவுடனே அவர் தன் கரைக்குத் தானே அனுமதி கொடுக்கப் பேனாவைத் திறந்தார். செயலாளர் அம்மாள் பேனாவை மெல்ல வாங்கி மூடினாள்.

“உங்க பண்ணை விஷயத்துல நீங்களே முடிவெடுக்கலாமா? சொந்த நலன் இருக்கே.”

“இப்பத்தானே எல்லாருக்கும் இருக்கறதால யாருக்கும் இல்லைன்னு...”

“அது எல்லாரும் சேர்ந்து இருக்கும்போது. தனியா இருக்கும்போது உங்களுக்கு மட்டும்தானே இருக்கு?”

ஆக, உலகத்தில் எந்தப் பன்றிக்காரரின் கரையையும் அடைக்க உத்தரவிடும் அதிகாரம் அவருக்கு வந்தது, ஒரே ஒரு கரையைத் தவிர. வீடு திரும்பும் வழியில் மனத்தின் ஒரு மூலையில் லேசாக ஒரு நிம்மதி எட்டிப் பார்த்ததை அவர் உணர்ந்தார். முயற்சி பண்ணினோம், விடவில்லை, என்ன செய்வது? அந்த நிம்மதியை நினைத்து அன்று சாப்பாடு இறங்கவில்லை.

தங்கையிடம் சொல்ல முடியவில்லை. ஆனால் அவள் அந்தத் தண்ணீரைக் குடிப்பதையும் தாங்க முடியவில்லை. ஆகவே தினமும் காலையில் இரண்டு பெரிய தண்ணீர் கேன்களைத் தோளில் போட்டுக்கொண்டு சரிவில் இறங்கினார்.

“எதுக்கு அண்ணே இது?” என்றாள் தங்கை முதல் நாள்.

“பேரவையில குழுத் தலைவருக்குத் தர்றாங்க. நான் ஒத்தை ஆள், எவ்வளவு குடிப்பேன்?”

“தலைவரா! நீயா?” அவள் சிரித்தாள். “சின்ன வயசுல வகுப்புல எழுந்து பதில் சொல்லச் சொன்னா பெஞ்சுக்குக் கீழே போயிடுவே. இப்ப தலைவரு!”

கேன் சுமக்கத் தொடங்கிய பதினான்காம் நாள் அவள் சிரிக்கவில்லை. கேனை வாங்கிக்கொண்டு, உள்ளே ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

“அண்ணே, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். யாருகிட்டேயும் சொல்லிடாதே. வெட்கக்கேடு.”

“என்னம்மா?”

“கிணத்துத் தண்ணி நாறுது. எங்க செப்டிக் டேங்க்தான் உடைஞ்சிருக்கணும். இவர்தான் கட்டினார், தெரியுமில்ல? கொத்தனார் வேணாம், நானே கட்டறேன்னு. நான் அப்பவே சொன்னேன். பஸ் ஓட்டறவருக்கு எதுக்கு இந்த வேலைன்னு. பத்து நாளா வீட்டுல பேச்சே இல்லை. குழந்தைக்கு வேற வயிறு சரியில்லை.”

“குழந்தைக்கா?” அவரும் உள்ளே எட்டிப் பார்த்தார். “டாக்டர்கிட்டே...”

“காட்டியாச்சு. இப்ப பரவாயில்லை. நல்லவேளை நீ கேன் கொண்டு வர்றே. பாத்திரம் கழுவறதுக்கும் குளிக்கறதுக்கும் மட்டும் கிணத்துத் தண்ணி. அண்ணே, உனக்குத் தோணுதா, எங்க டேங்க்லேருந்து வர்ற அழுக்கு மேலே உன் பண்ணைக்கு ஏதாவது...”

“இல்லம்மா. தண்ணி மேலே ஏறாது.”

அதை மட்டும் உறுதியாகச் சொன்னார். தண்ணீர் கீழே இறங்கும் என்பதை அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

வீட்டுக்குப் பின்னால் மாப்பிள்ளை இடுப்பளவு பள்ளத்தில் நின்றுகொண்டிருந்தார். பஸ் ஓட்டாத நேரமெல்லாம் அவருக்கு அங்கேதான் வாசம். கழிவறைத் தரையை உடைத்தாகிவிட்டது. சுற்றிலும் மஞ்சள் களிமண் மலை மாதிரி குவிந்திருந்தது.

“மச்சான், நீங்களே வந்து பாருங்க” என்றார் அவர் கெஞ்சுகிற குரலில். “இந்தப் பக்கம் ஓட்டை இல்லை. அந்தப் பக்கமும் இல்லை. அப்ப அடியிலதானே இருக்கணும்? நான் கட்டினது நல்லாத்தான் கட்டினேன் மச்சான். உங்க தங்கச்சி நம்ப மாட்டேங்கறா. எனக்கே என் மேல சந்தேகம் வந்துடுச்சு.”

“விடுங்க மாப்பிள்ளை, எதுக்கு இவ்வளவு ஆழமா...”

“இல்லை, கண்டுபிடிச்சே ஆகணும்.” மாப்பிள்ளை கடப்பாரையை ஓங்கினார்.

முந்நூறு பள்ளத்தின் விளிம்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு நல்ல மனிதர் ஒரு நல்ல தொட்டியை உடைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு தடவை வாயைத் திறந்தார். இரண்டு தடவையும் இறைச்சிக்கூடத்தின் வாசல் கண் முன்னால் வந்தது. “கையில கொப்புளம் போட்டுக்காதீங்க” என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டார்.

நேராகச் சொல்லத் தைரியம் இல்லாதவர்கள் சுற்றிச் சொல்வார்கள். அடுத்த துணைக்குழுக் கூட்டத்தில் முந்நூறு சுற்றிச் சொன்னார். ஒரு பண்ணைக்குக் கீழே ஒரு வீட்டில் கிணறு கெட்டிருக்கிறது; குழந்தைக்கு உடம்புக்கு வந்தது; அந்த வீட்டார் பாவம், தங்கள் கழிவறைத் தொட்டிதான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்; ஆனால்...

‘ஆனால்’ என்பதைக் கேட்க அந்த அறையில் யாரும் இல்லை. பன்னிரண்டாயிரம் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

“வீட்டுக்காரங்களே ஒத்துக்கிட்டாங்களா?”

“அவங்க நினைக்கறாங்க. ஆனா...”

“பதிவு பண்ணுங்க!” மேசையைத் தட்டினார். “இத்தனை வருஷமா நாம என்ன சொல்றோம்? தண்ணியைக் கெடுக்கறது பன்றி இல்லை, மனுஷன்! ஒரு பன்றி சாப்பிடுது, கொட்டகையில இருக்குது, நம்ம கண்ணு முன்னால இருக்குது. மனுஷன் கதவைச் சாத்திக்கிட்டு என்ன பண்றான்னு யாருக்குத் தெரியும்? அவனுக்கு முத்திரை உண்டா? மாதிரி பாட்டில் உண்டா? பன்றிக்குக் குட்டை இருக்கு, விதி இருக்கு, பேரவை இருக்கு. இந்த வீடுகளுக்கு என்ன இருக்கு?”

நீர்த்துறை அதிகாரி முதல் முறையாகத் தலை நிமிர்ந்தார். வீடுகளை முறைப்படுத்தும் யோசனை தனக்கும் வெகுநாளாக இருந்ததாகவும், பேரவை முன்வந்தால் அந்தச் சுமையையும் ஒப்படைக்கத் தடையில்லை என்றும் சொன்னார். அரை மணி நேரத்தில் தீர்மானம் தயாரானது. கசிவுக்கு நான்கு வருடமாகக் கிடைக்காத வரையறை அன்று ஒரே மூச்சில் கிடைத்தது: ‘குடியிருப்பிலிருந்து வெளியேறும் அனைத்தும்.’ சம்பந்தப்பட்ட வீட்டுக்கு நோட்டீஸ். முப்பது நாளில் கழிவறையை இடிக்க வேண்டும். கிணற்றை மூட வேண்டும். பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் நோட்டீசைப் படித்துக் கையெழுத்திட்டு வழங்க வேண்டியவர், துணைக்குழுத் தலைவர்.

“உங்களாலதான் இது வெளியே வந்தது முந்நூறு” என்று தலைவர் அவர் தோளில் கையைப் போட்டார். “எந்த வீடு?”

முந்நூறு சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. செயலாளர் அம்மாள் வரைபடத்தைப் பிரித்து, சரிவில் முதல் வீட்டின் மேல் விரலை வைத்துவிட்டாள்.

கருத்துக் கேட்புக் கூட்டம் நாற்பத்தொன்றாம் நாள், காலை பத்து மணிக்கு. கருத்துச் சொல்ல விரும்பும் பொதுமக்கள் பதினான்கு நாள் முன்னதாக எழுதிக் கொடுத்திருக்க வேண்டும் என்ற அறிவிப்பு அன்று காலையில்தான் கதவில் ஒட்டப்பட்டது. மூன்றாவது வரிசையில் தங்கை தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை வரவில்லை. “நாலு பேர் முகத்துல என்னால முழிக்க முடியாது” என்று சொல்லிவிட்டுக் குழிக்குள் இறங்கிவிட்டாராம். அவள் மட்டும் வந்திருந்தாள். அண்ணன் மேடையில் இருக்கிறான் என்ற தைரியம்.

நெஞ்சில் கை வைக்கும் சடங்கு முடிந்தது. நீர்த்துறை அதிகாரி கூட்டு ஆளுகை பற்றிப் பேசினார். தலைவர் பேசினார். பிறகு மைக் முந்நூறின் முன்னால் வந்தது. கையில் நோட்டீஸ். முதல் வரியில் தங்கை வீட்டின் எண். அவர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவள் தலையை நிமிர்த்தி, பரவாயில்லை, படி என்பதுபோல் கண்ணை மூடித் திறந்தாள்.

அந்தப் பார்வையை மட்டும் அவரால் தாங்க முடியவில்லை.

“அவங்க தொட்டியில ஒண்ணும் தப்பு இல்லை” என்றார். மைக் கூச்சலிட்டது. “என் குட்டைக் கரையில விரிசல். எலிப்பொந்துன்னு தெரியும். அடைக்காம விட்டேன். நாற்பத்தொரு நாளா என் பன்றிக் கழிவுதான் அந்தக் கிணத்துல இறங்குது. முதல் நாளே எனக்குத் தெரியும். தார்ப்பாய் போட்டு மூடி வச்சேன். தங்கச்சி, கிணத்துத் தண்ணியக் குடிக்காதே.”

முந்நூறு தண்டனைக்குக் காத்திருந்தார். அது வந்துவிட்டால் போதும் என்றிருந்தது.

பன்னிரண்டாயிரம் மெல்ல எழுந்தார். எழுந்து, கைதட்டத் தொடங்கினார்.

“பார்த்தீங்களா!” அவர் குரல் தழுதழுத்தது. “இதுதான் நம்ம பண்ணைக்காரரோட மனசு! அடுத்தவங்க தப்பைத் தன் தலையில போட்டுக்கற மனசு! குற்றம் பண்ணினவன் இப்படிப் பேசுவானா? நான் எத்தனை வருஷமா இந்தத் துறையில இருக்கேன், எனக்குத் தெரியாதா? குற்றம் பண்ணினவன் என்னை மாதிரி அமைதியா இருப்பான்!”

அரங்கம் எழுந்து நின்று தட்டியது. அதிகாரியும் தட்டினார். செயலாளர் அம்மாள் நடவடிக்கைக் குறிப்பில் ‘துணைக்குழுத் தலைவர் உருக்கமாக உரையாற்றினார்’ என்று எழுதினாள். ‘நீர்க் காவலர்’ விருதுக்கு அவர் பெயர் அங்கேயே முன்மொழியப்பட்டது. “உண்மையாங்க! நிஜமாவே விரிசல்ங்க!” என்று முந்நூறு கத்தியதும் கைதட்டல் இன்னும் கூடியது. கையெழுத்தாகாத நோட்டீஸ் அவர் கையிலேயே இருந்தது.

அந்தக் கூட்டத்தில் ஒரே ஒருத்தி கைதட்டவில்லை. ஒரே ஒருத்திக்குத்தான் அவர் சொன்னது காதில் விழுந்திருந்தது.

வெளியே வந்து இருவரும் நடந்தார்கள்.

“கேன் கொண்டு வந்தியே” என்றாள் பாதி வழியில். “அப்ப தெரிஞ்சுதானே கொண்டு வந்தே?”

“ஆமாம்மா.”

“குழந்தைக்கு உடம்புக்கு வந்தப்ப?”

“தெரியும்.”

“அவர் குழியில நின்னு வெட்டினப்ப? பக்கத்துல உட்கார்ந்திருந்தியே?”

அவள் நின்றாள். அடிப்பாள் என்று நினைத்தார். அடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

“நான் அந்த மனுஷன்கிட்ட ஒரு மாசமா முகம் கொடுத்துப் பேசலை அண்ணே” என்றாள். “வா. நீயே சொல்லு.”

மாப்பிள்ளை கழுத்தளவு ஆழத்தில் இருந்தார். முந்நூறு எல்லாவற்றையும் சொன்னார். மாப்பிள்ளை மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு, கலங்கிய கண்ணோடு மேலே பார்த்தார்.

“எங்க சண்டையைத் தீர்க்கறதுக்காக நீங்க பழியை ஏத்துக்கறீங்க. எனக்குத் தெரியாதா உங்களை? வேணாம் மச்சான். தப்பு என்னோடது.”

“யோவ், மேலே ஏறுய்யா!” என்று தங்கை கத்தினாள். ஒரு மாதத்தில் அவள் அவரிடம் பேசிய முதல் வார்த்தைகள் அவை. மாப்பிள்ளை மறுபேச்சில்லாமல் ஏறினார்.

மூவரும் சரிவில் ஏறிப் போனார்கள். முந்நூறு கல்லை நகர்த்தித் தார்ப்பாயை உரித்தார். சுண்டுவிரல் இருந்த இடத்தில் இப்போது கை நுழையும். மாப்பிள்ளை உட்கார்ந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு கீழே இறங்கிப்போய், தான் வெட்டிக் குவித்த களிமண்ணைக் கூடையில் அள்ளிக்கொண்டு வந்தார். ஒரு மாத உழைப்பு அத்தனையும் நடை நடையாக மேலே வந்தது. சாயங்காலத்துக்குள் மூன்று பேரும் மிதித்து, அடித்து, கரையை இறுக்கிவிட்டார்கள். அனுமதி என்ற வார்த்தை யார் வாயிலும் வரவில்லை. வேலை முடியும்வரை மாப்பிள்ளை முந்நூறை மச்சான் என்று கூப்பிடவும் இல்லை.

மறுநாள் காலையில் விருதுக்குப் படம் எடுக்கப் பேரவை ஆள் பண்ணைக்கு வந்தார். ஈரம் காயாத களிமண்ணைப் பார்த்தார். படம் எடுத்துக்கொண்டு வேகமாகப் போனார். மதியத்துக்குள் கடிதம் வந்துவிட்டது. பதினோரு வருடத்தில் பேரவை எந்தக் காரியத்திலும் இந்த வேகத்தைக் காட்டியதில்லை.

முந்நூறு அதை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனார். அவள் வாசற்படியில் நின்றே படித்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை.

முன் அனுமதியின்றிக் கரையில் மண் வைத்தது. கசிவு என்று வரையறுக்கப்படாத ஒன்றைத் தன்னிச்சையாக நிறுத்தியது. சொந்த நலன் உள்ள விஷயத்தில் தானே முடிவெடுத்தது. உறுப்பினர் அல்லாத இருவரைக் கரைவேலையில் ஈடுபடுத்தியது. துணைக்குழுத் தலைவர் பதவி பறிப்பு. விருது ரத்து. ஆறு மாதம் முத்திரை நிறுத்தம்.

அவள் இரண்டாம் முறையும் படித்தாள். தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

“இதுல எங்க கிணறு எங்கே இருக்கு?”

“இல்லம்மா.”

“குழந்தை?”

“இல்லை.”

“நீ பண்ணினது எதுவுமே இல்லையே அண்ணே இதுல.”

“இல்லை” என்றார். அதைத்தான் அவரும் வழியெல்லாம் தேடிக்கொண்டு வந்திருந்தார்.

அவள் உள்ளே போய் ஒரு பேனாவை எடுத்து வந்தாள். தாளின் வெற்றுப் பக்கத்தை அவர் முன்னால் நீட்டினாள்.

“எழுது. எங்கேருந்து வந்தது, எத்தனை நாள், யாரு. எழுதிக் கையெழுத்துப் போடு.”

“உனக்காம்மா?”

“எனக்கு எதுக்கு? எனக்குத்தான் தெரியுமே.” அவள் சரிவின் கீழ்ப்பக்கம் கையைக் காட்டினாள். “அங்கே இன்னும் நாலு வீடு இருக்கு. அவங்களுக்கு நீ கேன்கூடக் கொடுக்கலை.”

முந்நூறு அந்த நான்கு கூரைகளையும் பார்த்தார். தினமும் பார்க்கிற கூரைகள்தான். நாற்பத்தொரு நாளில், உறக்கம் பிடிக்காமல் புரண்ட அத்தனை இரவுகளில், ஒரு தடவைகூட அவை நினைவுக்கு வரவில்லை என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

நின்றபடியே எழுதினார். எழுதினதை அவள் வாங்கிப் படித்து, “எலிப்பொந்தையும் எழுது” என்றாள். அதையும் எழுதினார்.

இரண்டாம் வீட்டுக் கதவைத் தட்டினார். வயதான ஓர் அம்மாள் திறந்தாள். வெயிலில் வியர்த்துப்போய், கையில் ஒரு தாளோடு நிற்கிறவரைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

“அடடே, நம்ம தலைவரா! நேத்து கூட்டத்துல எவ்வளவு நல்லா பேசினீங்க! எழுந்து நின்னு தட்டினேன். உள்ளே வாங்க. ஏன் இப்படி மூச்சு வாங்குது? இருங்க, முதல்ல குடிக்கத் தண்ணி கொண்டு வர்றேன்.”

அவர் தாளை நீட்டுவதற்குள் அவள் உள்ளே போய்விட்டாள். பின்கட்டில் கிணற்று வாளி இறங்குகிற சத்தம் கேட்டது.